சாமி மாடத்தில் இருந்த பாதி

பாப்பா,

உன் பெட்டியை நான் மூன்று தடவை திறந்து மூடிவிட்டேன். சீருடை இருக்கிறது, பூட்ஸ் இருக்கிறது, உன் அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பா இருக்கிறது. இந்தக் காகிதங்களை அந்த டப்பாவுக்கு அடியில் செருகுகிறேன். முறுக்கு தீர்ந்தால்தான் இது உன் கண்ணில் படும், அதாவது நாளைக்கே. இதையெல்லாம் நேரில் சொன்னால் என்ன நைனா என்று கேட்பாய். நேரில் நான் வாயைத் திறந்தால் அது சண்டையில் போய் நிற்கும், உனக்கே தெரியும். முப்பது வருஷம் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளோடு பேசிப் பழகினவன் நான். அவை எதிர்த்துப் பேசாது. நீ பேசுவாய். உன் அம்மாவும் பேசுவாள்.

விடிந்தால் ஆர்மரர் பயிற்சிக்குக் கிளம்புகிறாய். போலீஸ் துப்பாக்கிகளைக் கழற்றி, பழுது பார்த்து, பூட்டி, அதற்குக் கையெழுத்துப் போடுகிற வேலை. நான் செய்த வேலை. நம் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இதற்குப் போகிற முதல் பெண் நீதான். போன வருஷமே போயிருக்க வேண்டியவள். ஒரு வருஷம் தள்ளிப்போனது என்னால்தான். அதைப்பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. நீ சொல்லிக் காட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சொல்லாமல் இருந்துவிட்டாய், அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

போன வருஷம் நீ சித்தூர் ஆயுதக் கிடங்கில் கான்ஸ்டபிளாக இருந்தாய், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆயுதங்களைக் காட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தூர் மைதானத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, வரிசையாக வைப்பது வழக்கம். உங்கள் ஆபீசர் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய போட்டோவைப் பார்த்துவிட்டார். அதில் ஒரு ஜவான் கார்பைனை, அதான் அந்தக் குட்டைத் துப்பாக்கியை, பிடித்து நிற்கிறான், அதன் ஹேண்ட்கார்டு மரம். அதே கார்பைன் இன்றும் கிடங்கில் இருக்கிறது, சுட முடியாதபடி குழலை அடைத்துக் காட்சிக்கு என்று ஒதுக்கி வைத்தது. ஆனால் அதன் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் ஏறி இருபது வருஷம் ஆகிவிட்டது. போட்டோவில் இருக்கிற மாதிரியே பழைய மரத்தைத் தேடிப் பிடித்துப் பூட்டு என்று உன்னிடம் சொல்லிவிட்டார். நீயும் வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போது அதையே பேசினாய்.

உன் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "ஹேண்ட்கார்டுன்னா இன்னாடி? அதுக்கா இம்மா அலைச்சல்?" என்றாள். நீ எழுந்துபோய் பூரிக்கட்டையை எடுத்து வந்தாய்.

"தோ பாரும்மா, இதான் பேரல். சுட்டா கொதிக்கும், கையில புடிக்க முடியாது. அதுக்குத்தான் மேல ஒரு பாதி கீழ ஒரு பாதி மரத்தால மூடி வெப்பாங்க. பின்னால ஸ்பிரிங் வெச்ச ரிங்கு ஒண்ணு, ரெண்டு பாதியையும் சேத்து இறுக்கிப் புடிச்சிக்கும். மேல்பாதில மட்டும் சூடு போறதுக்கு வரிசையா ஓட்டை இருக்கும்."

"இருந்துட்டுப் போவுது. மொதல்ல துன்னு" என்றாள் உன் அம்மா. சாமி மாடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சொன்னாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. எனக்கு ரசம் புரையேறிவிட்டது. அவள் என் தலையில் தட்டி, "யாரோ உன்ன நெனச்சிக்கினு கீறாங்க" என்றாள். நினைத்தது யார் என்று எனக்குத் தெரியும், பாப்பா. அந்தக் கார்பைன்தான்.

அந்த ஊதுபத்தியைச் செருகியிருந்த ஸ்டாண்டுதான் கார்பைனின் மேல்பாதி. நீ நாலு வயசுக் குழந்தையாக இருந்தபோது கிடங்கிலிருந்து நான் சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்தது. அப்போது எல்லாக் கார்பைனுக்கும் பிளாஸ்டிக் மாற்றச் சொல்லி உத்தரவு. பழைய மரத்தையெல்லாம் கிடங்குக்குப் பின்னால் குவித்து எரிக்க வேண்டும். எரித்தேன். ஒன்றை மட்டும் எரிக்க மனசு வரவில்லை. எத்தனை ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைத்திருப்பேன், எத்தனை தடவை எண்ணெய் தேய்த்திருப்பேன்! அந்த மரத்தின் ரேகை ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடும். எடுத்துக்கொண்டேன். 'அனைத்தும் எரிக்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வீட்டில் ஆசாரி கொடுத்தது என்று சொன்னேன். உன் அம்மா ஓட்டைகளைப் பார்த்தாள், ஊதுபத்தி செருக வாகாக இருக்கிறது என்று சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். நீ பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அதன் முன்னால்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றாய்.

இரண்டு வாரம் நீ தேடினாய். மாவட்டத்தைப் பிரித்தபோது கார்பைன் சித்தூரிலேயே தங்கிவிட்டது, பழைய பெட்டிகளில் பாதி திருப்பதிக்குப் போய்விட்டது. லீவு நாளில் நீ திருப்பதிக்குப் போய், அந்த ஸ்டோரில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தாய். தலையெல்லாம் ஒட்டடையோடு நம் வடமாலபேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, "நைனா, கீழ்பாதி கெடச்சிடுச்சி!" என்று கத்திக்கொண்டு வந்தாய். மாதிரிக்காக ஆசாரியிடம் கொடுத்து, திரும்பி வந்து, பெட்டிக்குள் மறந்து கிடந்ததாம். நம்பர் அடித்திருக்கிறது, கார்பைனின் நம்பரும் அதே நம்பர், மேல்பாதியிலும் அதே நம்பர் இருக்கும் என்றாய். நான் என்ன சொன்னேன் நினைவிருக்கிறதா? "மேல்பாதி எரிஞ்சி போயிருக்கும். ஆசாரிகிட்ட சொல்லி புதுசா ஒண்ணு செஞ்சிக்க. யாரு பாக்கப் போறாங்க?" என்றேன். ஜோடி கண்ணெதிரில் இருக்கிறது, நான் ஆசாரி வீட்டுக்கு வழி சொன்னேன். வெட்கமாக இருக்கிறது எழுதுவதற்கு.

ஒரு வெள்ளிக்கிழமை உன் அம்மா ஒரு கல்யாணத்துக்காகப் புத்தூர் போயிருந்தாள். விளக்கேற்றச் சொல்லி உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நீ விளக்கை ஏற்றினாய், ஊதுபத்தியைக் கொளுத்தினாய், ஓட்டையில் செருகப் போன கை அப்படியே நின்றுவிட்டது. நான் நாற்காலியில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேப்பருக்கு மேலே உன் முதுகுதான் தெரிந்தது. நீ அதை எடுத்தாய், சாம்பலைத் தட்டினாய், திருப்பினாய், உள்பக்கம் அப்பியிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் நகத்தால் சுரண்டினாய்.

"நைனா, இது இன்னாது?"

"ஊதுபத்தி ஸ்டாண்டு. தெரியலயா?"

"நம்பர் போட்ட ஊதுபத்தி ஸ்டாண்டா? நான் எத்தினி வருசமா இதுக்குக் கும்புடு போட்டுக்கினு இருக்கறேன்!"

சிரித்திருக்கலாம் நான். இரண்டு பேரும் சிரித்திருக்கலாம். நான் கத்தினேன். கீழே வை என்றேன். ஊரில் உலகத்தில் எவனும் செய்யாததையா செய்துவிட்டேன் என்றேன். பிறகு குரலை இறக்கி, திருப்பதிப் பெட்டியிலேயே இரண்டு பாதியும் சேர்ந்து கிடைத்தது என்று எழுதிவிடு, முடிந்தது விஷயம் என்றேன். நீ முடியாது என்றாய். எது எங்கே கிடைத்தது என்று எழுத ஒரு இடம் இருக்கிறது, அதில் பொய் எழுத மாட்டேன் என்றாய். "பெத்த அப்பன மாட்டி வுடுவியா?" என்று கேட்டேன். அந்த வாரம்தான் பயிற்சிக்கு உன் பெயரைச் சேர்த்து லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது, அதையும் சொல்லிப் பயமுறுத்தினேன். உன் முகம் வெளுத்தது. ஆனாலும் நீ சொன்னது இதுதான்: "நீயா வந்து சொல்றியா, நானா எழுதட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு நைனா. ஆனா நீயே வந்தா எனக்கு நல்லாருக்கும்."

அதற்கு நான் சொன்ன பதிலை உன் அம்மாவிடம்கூட நீ சொல்லவில்லை. நானே எழுதுகிறேன். "இந்த வேல என் பேரால உனக்கு வந்தது, மறந்துடாத" என்றேன். பச்சைப் பொய். நீ விடியற்காலையில் ரோட்டில் ஓடி, முட்டியைப் பேர்த்துக்கொண்டு, விளக்கு வைத்துப் படித்து, எழுதி வாங்கின வேலை அது. நான் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இது என்று முதலில் குறுக்கே நின்றதே நான்தான். அந்த வார்த்தைக்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் கேட்க எனக்கு வாய் வராது.

கோபித்துக்கொண்டு வரதய்யபாளையத்துக்கு, உன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன். அக்கா என் பக்கம் பேசுவாள் என்று நம்பிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெற்ற பெண்ணே அப்பனைக் காட்டிக் கொடுக்கப் பார்க்கிறாள் என்று புலம்பினேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "பொண்ண போலீஸ்ல சேத்துட்டு, திருட்ட மட்டும் புடிக்காதன்னா எப்பிடிடா?" என்றாள். அதற்கு மேல் அந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை? இரண்டாம் நாளே பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் சாமி மாடத்தில் ஊதுபத்தி வாழைப்பழத்தில் குத்தியிருந்தது. மரம் செய்தித்தாளில் சுற்றி மேசை மேல் இருந்தது. நீ ஒரு வரி எழுதவில்லை, வெளியே யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்காகக் காத்திருந்தாய். உன் அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "இருவது வருசமா திருட்டுச் சொத்துல சாமிக்கு ஊதுபத்தி ஏத்த வெச்சிட்டியே, பாவி மனுசா!" என்றாள். சரி, காலையில் போகலாம் என்றேன். எனக்குச் சோறு போட்டது அன்றைக்கு நீதான்.

சித்தூர் பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆபீசர் என்னைவிட இருபது வயசு சின்னவர், கையைக் கூப்பி, "கூர்ச்சோண்டி" என்று நாற்காலியைக் காட்டினார். உட்காராமலேயே சொல்லி முடித்தேன். அவர் என்னையும் பார்த்தார், உன்னையும் பார்த்தார். எழுதிக் கொடுங்கள் என்றார். என் கோணல்மாணலான தெலுங்கில் எழுதிக் கொடுத்தேன். படித்தார். நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். இதை மேலே அனுப்பினால் விசாரணை வரும், அது முடிகிற வரைக்கும் உங்கள் பெண்ணின் பெயரை லிஸ்டிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பிறகு காகிதத்தை மேசையில் போட்டு, இரண்டும் திருப்பதியிலேயே கிடைத்ததாக வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லையே, கிழித்துவிடட்டுமா என்றார்.

'கிழிச்சிடுங்க சார்' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் நான். அதை நீ பார்த்தாயோ இல்லையோ தெரியாது. அதற்குள் உன் குரல் கேட்டது. "வேணாம் சார். பம்ப்பிச்சேயண்டி." அனுப்பிவிடுங்கள் என்று அவர் மொழியில் தெளிவாகச் சொன்னாய். உன் கை பேன்ட் தையல் மேலே ஒட்டி நேராக இருந்தது. எனக்கு அந்த நிமிஷம் உன்மேல் வந்தது கோபமா, பெருமையா, இரண்டும் சேர்ந்தா, சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னாய். அந்த டீக்கு நான் காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாய். லிஸ்ட் உன் பெயர் இல்லாமல் போயிற்று.

மரத்தைப் பூட்டும் வேலை மட்டும் உன்னிடமே இருந்தது. ஸ்பிரிங் ரிங்கு முரட்டு ரிங்கு, ஒருவர் இரண்டு கையாலும் அதைக் கீழே இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் மரத்தை உள்ளே வைக்க முடியும். கிடங்கில் எத்தனை ஜவான்கள் இருக்கிறார்கள்! நீ ஆபீசரிடம் கேட்டு என்னைக் கூப்பிட்டாய். வந்து பார்த்தால் இரண்டு பாதியும் இரண்டு ஊர் மரம் மாதிரி நிற்கிறது. ஒன்று எண்ணெயும் புகையும் குடித்துக் கறுத்துத் தடித்திருக்கிறது, மற்றது பெட்டிக்குள் கிடந்து காய்ந்து வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. நான் உடனே உப்புத்தாளை எடுத்துத் தடித்ததைத் தேய்க்கப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய். காய்ந்த பாதிக்கு ஒரு வாரம் ஆளிவிதை எண்ணெய் தடவி வெயிலில் வைத்து எடுத்து, அது தானாக ஊறி வந்து பக்கத்துப் பாதியோடு சேர்கிற வரைக்கும் பொறுத்தாய். எனக்கு ஒரு வாரம் பொறுமை என்றைக்கு இருந்திருக்கிறது?

அதற்குப் பிறகும் மரம் நகக்கணு அளவுக்கு ஆடியது. நான் துணியைக் கிழித்து உள்ளே திணிக்கச் சொன்னேன். முப்பது வருஷமாக அப்படித்தான் செய்தேன். பரேடில் மரம் கடகடவென்றால் அதிகாரிகள் திட்டுவார்கள், அதனால் எல்லாத் துப்பாக்கியிலும் துணி. நீ கார்பைனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேணாம் நைனா. மரம் பேரல இடிக்கக் கூடாது. சூட்டுல பேரல் நீளும், எடம் வேணும். துணி திணிச்சா குறி தப்பும்" என்றாய். சுட முடியாத துப்பாக்கிக்கு எதற்கு இந்தக் கணக்கு என்றேன். "சுடற துப்பாக்கிக்கு அப்பிடித்தான செஞ்ச நீ?" என்று கேட்டாய். குறி தவறி என் கண்ணெதிரே திட்டு வாங்கின ஜவான்கள் எத்தனை பேரோ! ரிங்கை இழுத்துப் பிடித்தேன். கட்டை விரல் வலியில் உயிர் போயிற்று. நீ இரண்டு பாதியையும் வைத்தாய், "வுடு" என்றாய், விட்டேன். டக்கென்று உட்கார்ந்தது.

மைதானத்தில் அந்தக் கார்பைன் முன்னால்தான் கூட்டம். மேலே கறுப்பு, கீழே வெளுப்பு, ஆனாலும் என்ன அழகு! நான் ஓரமாக நின்றிருந்தேன். நகரியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்த ஒரு டீச்சரம்மா உன்னிடம், இத்தனை பழைய மரம் எங்கே கிடைத்தது என்று கேட்டாள். போய்விடலாமா என்று பார்த்தேன். நீ என் பக்கம் கையைக் காட்டினாய். "கீழ்பாதி திருப்பதி ஸ்டோர்ல இருந்துதுங்க. மேல்பாதி எங்க நைனா வூட்டுக்கு எடுத்துக்கினு வந்துட்டாரு, தப்பா. அப்பறம் அவரே கொண்டாந்து குடுத்துட்டாரு." அவ்வளவுதான் சொன்னாய். மறைக்கவும் இல்லை, என்னைக் குனிய வைக்கவும் இல்லை. டீச்சரம்மா என்னைப் பார்த்து வணக்கம் வைத்தாள். பதிலுக்கு நானும் வைத்தேன். அந்த இடத்தை விட்டு நான் நகரவில்லை.

விசாரணை எனக்கு ஒரு எச்சரிக்கைக் காகிதத்தோடு முடிந்தது. பென்ஷனில் யாரும் கை வைக்கவில்லை. இந்த வருஷ லிஸ்டில் உன் பெயரை ஆபீசர் அனுப்பினார். அதில் அவர் என்ன எழுதினார் என்று உனக்குத் தெரியாது. போன வாரம் அந்த எச்சரிக்கைக் காகிதத்தின் நகலை வாங்கப் போனபோது என்னை உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். 'இந்தப் பெண்ணிடம் ஆயுதக் கிடங்கின் சாவியைக் கொடுக்கலாம்.' ஒரே வரி. முப்பது வருஷம் அந்தச் சாவி என் இடுப்பில் தொங்கியது, பாப்பா. என்னைப்பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. எழுதியிருந்தால் அது பொய்யாகப் போயிருக்கும். உன்னைப்பற்றி எழுதியது நிஜம். அதைக் கேட்டுவிட்டு அந்த அறையிலேயே அழுதுவிட்டேன்.

உன் நைனா